‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ திரையில்: எந்த வடிவத்தைப் பார்ப்பது, எதை வைத்து எடைபோடுவது?

ஜேன் ஆஸ்டனின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ 1813 ஜனவரியில் வெளிவந்தது. அதைப் படித்து முடித்தவர்களும், படிக்கத் தொடங்கிப் பாதியில் வைத்துவிட்டவர்களும் கேட்பது ஒரே கேள்விதான்: இத்தனை முறை எடுத்திருக்கிறார்களே, எதைப் பார்ப்பது? நாவலின் காலத்திலேயே கதையை வைத்து எடுத்தவற்றில் எளிதாகக் கவனத்துக்கு வருபவை நான்கு. 1940இல் எம்ஜிஎம் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், 1980இல் பிபிசியின் 5 பாகத் தொடர், 1995இல் அதே பிபிசியின் 6 பாகத் தொடர், 2005இல் ஜோ ரைட் இயக்கிய படம். கதையை நம் காலத்துக்குக் கொண்டுவந்தவை தனி வரிசை.

இந்த விவாதம் எப்போதுமே நாயகன் டார்சியில்தான் போய் முடியும். 1995இன் காலின் ஃபிர்த்தா, 2005இன் மேத்யூ மெக்ஃபாடியனா? இரு தரப்பும் சளைக்காமல் வாதாடும். ஆனால் ஒரு தழுவல் தேறுகிறதா என்பதைக் காட்டிக்கொடுப்பது டார்சி அல்ல, டார்சியைப் பற்றிப் பொய் சொல்லித் திரியும் படையதிகாரி விக்கம். அந்தப் பாத்திரத்தை எப்படி எழுதியிருக்கிறார்கள், எவ்வளவு நேரம் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே நாவலைப் புரிந்துகொண்டு எடுத்தார்களா, காதல் கதையை மட்டும் உருவி எடுத்தார்களா என்பது தெரிந்துவிடும்.

காரணம் நாவலின் அமைப்பிலேயே இருக்கிறது. டார்சி நாயகி எலிசபெத் பென்னட்டை விரும்புவது நமக்குக் கடைசிவரை தெரியாது என்றுதான் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். அது சரியல்ல. மொத்தம் 61 அத்தியாயங்களில் 6ஆம் அத்தியாயத்திலேயே கதைசொல்லி அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். அவளுடைய கருவிழிகளின் அழகு அவனை இழுக்கிறது, அது அவளுக்குத் தெரியாது என்று நமக்குச் சொல்லப்படுகிறது. ஆகவே அவன் காதல் வாசகருக்கு ரகசியமே இல்லை. மறைத்து வைக்கப்படுவது அவன் நல்லவனா என்பது. 16ஆம் அத்தியாயத்தில் விக்கம் வந்து உட்கார்ந்து, டார்சி தன் வாழ்க்கையைக் கெடுத்த கதையைச் சொல்கிறான். எலிசபெத் நம்புகிறாள். முதல்முறை படிக்கும் நாமும் நம்புகிறோம். அப்படி நம்பியதால்தான், விக்கமின் உண்மை முகத்தை டார்சி எழுதிக் காட்டும் 35ஆம் அத்தியாயத்துக் கடிதம் நம்மையும் சுடுகிறது.

அவள் ஏமாந்த விதத்தை ஆஸ்டன் எவ்வளவு நேர்மையாகக் கட்டியிருக்கிறார் என்பதைப் பாருங்கள். தடயங்கள் எல்லாம் நம் கண்முன்னேதான் கிடக்கின்றன. அறிமுகமான சூட்டோடு, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் தன் குடும்ப விவகாரத்தை ஒருவன் கொட்டுகிறான். டார்சியைக் கண்டு ஒதுங்க வேண்டியவன் நான் இல்லை என்று பெருமை பேசியவன், டார்சியின் நண்பன் பிங்லி குடியிருக்கும் நெதர்ஃபீல்ட் மாளிகையின் நடன விருந்துக்கு வராமல் நின்றுவிடுகிறான். டார்சி ஊரில் இருக்கும்வரை எலிசபெத்திடம் மட்டும் சொன்ன கதையை, அவன் போனதும் ஊர் முழுக்கச் சொல்கிறான். பிறகு 10,000 பவுண்டு சொத்து வந்த மிஸ் கிங் பின்னால் போகிறான். 36ஆம் அத்தியாயத்தில் எலிசபெத் இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பப் பார்க்கிறாள். புதிதாக ஒரு உண்மையும் அவளுக்குத் தேவைப்படவில்லை; ஏற்கெனவே பார்த்ததைச் சரியாகப் பார்த்தாலே போதுமாக இருந்தது. நாவலின் உச்சம் என்று நான் கருதுவது இந்த அத்தியாயத்தைத்தான். அந்தப் பெண் தன்னையே விசாரணைக் கூண்டில் ஏற்றும் அந்தச் சில பக்கங்களுக்கு ஈடு கொடுக்கும் காட்சி எந்தத் தழுவலிலும் முழுமையாக அமையவில்லை. எது எவ்வளவு நெருங்கி வந்தது என்பதுதான் ஒப்பீடு.

விக்கம் எப்படி வருகிறான்?

1995 தொடரில் ஏட்ரியன் லூகிஸ் விக்கமாக வருகிறார். மென்மையான குரல், கேட்பவரிடம் முழுக் கவனத்தையும் கொடுக்கும் பார்வை. வில்லனுக்குரிய எந்தச் சாயலும் முகத்தில் இல்லை. எலிசபெத்தின் அம்மாவுடைய சகோதரி மிசஸ் ஃபிலிப்ஸ் வீட்டு விருந்தில் அவர் எலிசபெத்திடம் பேசும்போது, இவரோடு இன்னும் கொஞ்ச நேரம் பேசலாமே என்றுதான் பார்ப்பவருக்கும் தோன்றும். நடன விருந்துக்கு வராமல் போவது, மிஸ் கிங் விவகாரம், கல்யாணத்துக்குப் பிறகு மைத்துனனாகத் திரும்பி வந்து எலிசபெத்திடம் பழைய கதையை நீட்டிப் பார்ப்பது, அவள் எனக்கு எல்லாம் தெரியும் என்பதைக் கோபப்படாமல் உணர்த்துவது என எல்லாம் இருக்கின்றன. திரைக்கதை எழுதிய ஆண்ட்ரூ டேவிஸ் இந்தப் பாத்திரத்துக்குக் கொடுத்த இடம்தான் தொடரைத் தாங்கி நிற்கும் தூண்.

2005 படத்தில் ரூபர்ட் ஃப்ரெண்ட் பார்க்க அழகாக இருக்கிறார், ஆனால் பழகுவதற்குள் போய்விடுகிறார். ரிப்பன் வாங்கும்போது கொஞ்சம் சிரிப்பு, மரத்தடியில் ஒரு சோகக் கதை, அவ்வளவுதான். மிஸ் கிங் இல்லை. எலிசபெத் அவனிடம் மயங்கியதாக நமக்குத் தோன்றுவதில்லை. ஒரு தகவல் கேட்டுக்கொண்டதாகவே தோன்றுகிறது. அதனால் கடிதம் வரும்போது, தன் மதிப்பீடு தவறியதே என்று வெட்கப்படுவதற்கு அவளுக்குப் போதிய காரணம் இல்லை. 2 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும் படத்தில் எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டும், ஒத்துக்கொள்ளலாம். ஆனால் வெட்டக் கூடாத இடத்தில் கத்தி விழுந்துவிட்டது.

1980 தொடரில் ஃபே வெல்டனின் திரைக்கதை, பீட்டர் செட்டலன் விக்கம். இங்கும் பாத்திரத்துக்கு நேரம் கிடைத்திருக்கிறது. ஆனால் அதைவிட முக்கியமான வேறொன்று இந்தத் தொடரில் உண்டு, அதைக் கடிதம் பற்றிப் பேசும்போது சொல்கிறேன். 1940 படத்தில் இந்தச் சோதனைக்கே வேலையில்லை. அதில் கடிதமே கிடையாது.

முதல் மணக்கோரிக்கை

34ஆம் அத்தியாயம், ஹன்ஸ்ஃபோர்டில் பாதிரியார் காலின்ஸ், எலிசபெத்தின் தோழி ஷார்லட் தம்பதியின் இல்லம், மாலை நேரம். எலிசபெத் தலைவலி என்று தனியாக இருக்கிறாள். பிங்லியைத் தன் அக்கா ஜேனிடமிருந்து பிரித்தது டார்சிதான் என்பது அன்று பகலில்தான் டார்சியின் உறவினர் கர்னல் ஃபிட்ஸ்வில்லியம் வாயிலிருந்து தற்செயலாக வெளிவந்திருக்கிறது. அந்த மனநிலையில் அவள் இருக்கும்போது டார்சி உள்ளே வருகிறான்.

இந்தக் காட்சியில் திரைக்கதை எழுதுபவருக்கு ஒரு பொறி இருக்கிறது. டார்சி தன் காதலைச் சொல்லும் பேச்சில் முதல் சில வாக்கியங்களை மட்டும்தான் ஆஸ்டன் நேர்ப்பேச்சாக எழுதியிருக்கிறார். உன் குடும்பம் என் தகுதிக்குக் கீழ், உன்னை விரும்புவது எனக்கு இழுக்கு என்ற அந்த நீண்ட அவமானப் பேச்சு முழுவதும் கதைசொல்லியின் சுருக்கமாகவே வருகிறது. அதாவது, ரசிகர்கள் சொல்லுக்குச் சொல் எதிர்பார்க்கும் காட்சிக்கு மூலத்தில் பாதி வசனம் இல்லை. அதை இட்டுக்கட்டித்தான் ஆக வேண்டும். இதே நிலைதான் 58ஆம் அத்தியாயத்து இரண்டாம் கோரிக்கைக்கும். எலிசபெத் சம்மதம் சொல்வது நேர்ப்பேச்சில் இல்லை, முத்தம் இல்லை, திருமணக் காட்சியும் நாவலில் இல்லை. “நாவலில் இருந்தபடியே எடுத்தார்களா?” என்ற கேள்வி இந்த இடங்களில் செல்லாது. இட்டுக்கட்டியது பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி.

1995இல் டேவிஸ் அந்தச் சுருக்கத்தை விரித்துப் பேச்சாக்கினார். அறைக்குள்ளேயே நடக்கிறது. ஃபிர்த் உட்காருவதும் எழுவதும் நடப்பதுமாகத் தவிக்கிறார், ஆனால் பேச்சில் ஒரு துளி தயக்கம் இல்லை. மறுப்பு வரும் என்று கனவிலும் நினைக்காதவனின் பேச்சு அது. எலிசபெத்தாக வரும் ஜெனிஃபர் எல் தன் இருக்கையிலிருந்து அசைவதே அரிது. முகத்தில் நிறம் மாறுவதைக் கேமரா அருகிலிருந்து பார்க்கிறது. நீங்கள் இன்னும் கண்ணியமான மனிதராக நடந்திருந்தால் மறுப்பதற்கு நான் வருந்தியிருப்பேன் என்ற பொருளில் அவள் சொல்லும் வரி அப்படியே இருக்கிறது. இந்த வரியைக் குறித்துக்கொள்ளுங்கள். 58ஆம் அத்தியாயத்தில் டார்சி மாதக்கணக்கில் தன்னை வதைத்த சொல் இதுதான் என்று திருப்பிச் சொல்கிறான். அவன் மாறியதற்கான விதை அங்கேதான் விழுகிறது. 6 பாகங்களில் 3ஆம் பாகம் இந்தக் காட்சியோடு முடிவது தற்செயல் அல்ல. கதை சரியாக நடுவில் முறிந்து திரும்புகிறது.

2005இல் காட்சி வெளியே போய்விட்டது. ஸ்டவர்ஹெட் தோட்டத்தின் அப்பல்லோ கோயில், கொட்டும் மழை, இருவரும் தொப்பலாக நனைந்திருக்கிறார்கள். பேச்சு வேகமாக ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது. கடைசியில் சண்டையின் உச்சத்தில் முகங்கள் நெருங்கி, முத்தத்துக்கு ஒரு நூல் இடைவெளியில் நிற்கின்றன. கண்ணியம் பற்றிய அந்த வரி இங்கே ஒரு குத்தலான பதிலாகச் சுருங்கிவிட்டது. காட்சியாகப் பார்த்தால் நெஞ்சைப் பிடித்து இழுக்கும். ஆனால் இந்த நிமிடத்திலேயே எலிசபெத்துக்கு அவன்மேல் உடல்ரீதியான ஈர்ப்பு இருக்கிறது என்று படம் முடிவு செய்துவிடுகிறது. நாவலில் அவளிடம் அப்போது அப்படி ஏதும் இல்லை. முதலில் நன்றியுணர்வு, பிறகு மதிப்பு, அதன் பிறகே அன்பு என்று அடுக்கடுக்காக வளர்வதுதான் ஆஸ்டன் காட்டும் காதல். முதல் கோரிக்கையிலேயே தீ மூட்டிவிட்டால் அந்த வளர்ச்சிக்கு வேலை இல்லாமல் போகிறது.

மெக்ஃபாடியனின் டார்சி கர்வியல்ல, கூச்சக்காரர். இதற்கு நாவலில் ஆதாரமே இல்லை என்று சொல்ல முடியாது. 31ஆம் அத்தியாயத்தில் பியானோ அருகே, புதியவர்களிடம் எளிதாகப் பேசும் திறமை எனக்கு இல்லை என்று டார்சியே சொல்கிறான். பயிற்சி செய்தால் வரும் என்று எலிசபெத் மடக்குகிறாள். அந்த ஒரு பதிலை வைத்தே 2005 படம் முழு மனிதனையும் கட்டியிருக்கிறது. அதனால் நமக்கு அவனைச் சீக்கிரமே பிடித்துவிடுகிறது. அவளை வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பி நடக்கும்போது அவன் விரல்கள் விரிந்து மடங்கும் அந்த ஒரு விநாடி ஷாட்டை இன்றும் ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். கொண்டாட வேண்டிய ஷாட்தான். ஆனால் கூச்சப்பட்டவன் திருந்த வேண்டியதில்லை, பழகினால் போதும். கர்வம் பிடித்தவன்தான் திருந்த வேண்டும். சிறு வயதில் நல்லது எது என்று கற்பித்தார்கள், என் குணத்தைத் திருத்திக்கொள்ளக் கற்பிக்கவில்லை என்று நாவலின் டார்சி ஒப்புக்கொள்வது அதனால்தான் கனமாக விழுகிறது.

கடிதம்

எழுதிய கடிதத்தை ஒருத்தி படிப்பதை எப்படிப் படமாக்குவது? இதைவிடக் கடினமான சிக்கல் இந்த நாவலில் இல்லை. சிறிய கடிதமும் அல்ல. இரண்டு தாள்கள், நெருக்கி எழுதியவை. உறையின் பக்கத்திலும் எழுத்து நிறைந்திருக்கிறது. ஜேன், பிங்லி விவகாரம் ஒரு பகுதி, விக்கம் இன்னொரு பகுதி. விக்கமுக்குக் கிடைக்க வேண்டிய பாதிரியார் பதவியை அவனே வேண்டாம் என்று 3,000 பவுண்டு வாங்கிக்கொண்டதும், பிறகு 30,000 பவுண்டு சொத்துள்ள, அப்போது 15 வயதான டார்சியின் தங்கை ஜார்ஜியானாவை ராம்ஸ்கேட்டிலிருந்து கூட்டிக்கொண்டு ஓடத் திட்டமிட்டதும் அதில்தான் வருகின்றன.

1995 தொடர் 4ஆம் பாகத்தின் தொடக்கத்தை இதற்கே ஒதுக்கியது. டார்சி இரவு முழுக்க உட்கார்ந்து எழுதுகிறான், இளமைக்கால ஃபிளாஷ்பேக் வருகிறது, ராம்ஸ்கேட் வருகிறது. தெளிவாக இருக்கிறது. ஆனால் இதில் ஒரு இழப்பும் உண்டு. கேமரா காட்டிவிட்டால் அது நிரூபணமாகிவிடும். நாவலில் எலிசபெத்துக்கு நிரூபணம் கிடையாது; இவன் வார்த்தையா அவன் வார்த்தையா என்று எடைபோட்டு, தானே முடிவுக்கு வர வேண்டும். முதலில் நம்ப மறுத்து மடித்து வைக்கிறாள், அரை நிமிடத்தில் மறுபடி பிரிக்கிறாள். ஃபிளாஷ்பேக் அந்தப் போராட்டத்தை நம்மிடமிருந்து பறித்துவிடுகிறது.

1980 தொடருக்கு மதிப்பு கூடுவது இங்கேதான். எலிசபெத்தின் மனப்பேச்சை வாய்ஸ் ஓவராக வைக்கும் முறையை வெல்டன் எடுத்துக்கொண்டார். எலிசபெத்தாக வரும் எலிசபெத் கார்வி நிதானமாக யோசிக்கும் பெண்ணாகத் தெரிகிறார். நாவலின் உள்முகத் தன்மையை மதித்த வடிவம் என்று இதைத்தான் சொல்வேன். குறை வெளிப்படையானது: பெரும்பாலும் ஸ்டுடியோவில் வீடியோவில் எடுத்ததால் மேடை நாடகத்தின் சாயல், மெதுவான ஓட்டம். டேவிட் ரின்டூலின் டார்சி மரம்போல விறைத்து நிற்கிறார். கர்வத்தைக் காட்ட அது உதவுகிறது, உருகும்போது கைகொடுக்கவில்லை.

2005இல் எலிசபெத் கண்ணாடி முன் அசையாமல் நிற்க, வெளிச்சம் மாறிப் பொழுது கழிய, டார்சி வந்து கடிதத்தை வைத்துவிட்டுப் போகிறான். கடிதம் சுருக்கமான குரலாக ஒலிக்கிறது. தன்னையே பார்த்துக்கொண்டு நிற்கும் அந்தப் பிம்பம் 36ஆம் அத்தியாயத்தின் சாரத்தை ஒரே ஷாட்டில் பிடிக்க முயல்கிறது. விக்கமுக்கு முன்பே போதிய நேரம் கொடுத்திருந்தால் இந்தக் காட்சி உச்சத்துக்குப் போயிருக்கும்.

1940இல் டார்சி எலிசபெத்தின் வீடான லாங்போர்னுக்கு நேரில் வந்து விக்கம் பற்றிச் சொல்லிவிடுகிறான். டார்சியின் மாளிகையான பெம்பர்லிக்கு அவள் போகும் பயணமும் இல்லை. எனவே எலிசபெத் மனம் மாறுவதற்கான இரண்டு படிகளும் இல்லாமலே மனம் மாறிவிடுகிறாள்.

பெம்பர்லி, லண்டன், யாருக்கு எப்போது தெரிகிறது

பெம்பர்லியில் நடக்கும் முக்கியமான விஷயம், 1995 தொடரில் டார்சி குளிக்கும் ஏரி அல்ல. வீட்டை நிர்வகிக்கும் மிசஸ் ரெனால்ட்ஸ், 4 வயதிலிருந்து அவனைத் தெரியும், ஒரு கடுஞ்சொல் கேட்டதில்லை என்று சொல்வதுதான். விக்கமின் சாட்சிக்கு எதிராக இன்னொரு சாட்சி. அதன் பிறகு எலிசபெத் அவனுடைய ஓவியத்தின் முன் நிற்கிறாள். 1995இல் லைம் பார்க் வெளிப்புறமும் சட்பரி ஹால் உட்புறமும் பெம்பர்லி ஆயின. ஓவியமும் இருக்கிறது, நாவலில் இல்லாத அந்த ஏரிக் குளியலும் இருக்கிறது. 2005இல் சாட்ஸ்வொர்த் மாளிகையின் சிற்பக் கூடத்தில் ஓவியத்துக்குப் பதில் மார்பளவுச் சிலை. இரண்டும் நன்றாகவே அமைந்திருக்கின்றன.

1995 தொடர் தடுமாறும் இடம் இதற்கு அடுத்தது. எலிசபெத்தின் தங்கை லிடியா விக்கமோடு ஓடிய பிறகு, டார்சி லண்டனில் அலைந்து அவர்களைக் கண்டுபிடிப்பதைத் தொடர் நேரடியாகக் காட்டுகிறது. நாவலில் நமக்கு அது தெரியாது. 51ஆம் அத்தியாயத்தில் லிடியா வாய்தவறி, கல்யாணத்தில் டார்சியும் இருந்தார் என்கிறாள். 52இல் எலிசபெத்தின் மாமி மிசஸ் கார்டினரின் கடிதம் முழுவதையும் சொல்கிறது. விக்கமின் கடன்களை அடைத்தது, லிடியா பெயரில் பணம் எழுதி வைத்தது, படையில் பதவி வாங்கிக் கொடுத்தது எல்லாம் அப்போதுதான் வெளியாகின்றன. எலிசபெத்தோடு சேர்ந்து நாமும் திகைக்க வேண்டும். இரு ஆண்கள் குதிரையில் பாயும் காட்சியோடு தொடங்கும்போதே இந்தத் தொடர் டார்சி பக்கத்தையும் சொல்லப்போகிறேன் என்று அறிவித்துவிடுகிறது. ரசிகர்களை அள்ளிக்கொடுத்த முடிவு அது, ஆனால் இந்த இடத்தில் விலை கொடுத்திருக்கிறது. இதே இடத்தில் 2005 படம் நாவலின் பக்கம் நிற்கிறது: லிடியாவின் வாய்தவறலில்தான் நமக்கும் தெரிகிறது.

வயதும் பணமும்

இந்தக் கதையை வெறும் காதலாகப் பார்ப்பவர்கள் தவறவிடும் பயம் ஒன்று உண்டு. பென்னட் குடும்பத்துக்கு ஆண்டு வருமானம் 2,000 பவுண்டு. ஆனால் சொத்து ஆண் வாரிசான காலின்ஸுக்குப் போகும். அப்பா, அம்மா இருவருக்கும் பிறகு பெண்களுக்கு ஆளுக்கு ஏறக்குறைய 1,000 பவுண்டு முதல்தான், அதன் வட்டியில் வாழ வேண்டும். டார்சியின் ஆண்டு வருமானம் 10,000. அந்த டார்சியை ஒருத்தி மறுக்கிறாள் என்றால் எவ்வளவு பெரிய துணிச்சல் என்பது இந்தக் கணக்கு தெரிந்தால்தான் புரியும்.

அதனால் எலிசபெத்தின் வயது முக்கியம். நாவலில் 20. தோழி ஷார்லட்டுக்கு 27, அவள் காலின்ஸை மணக்கச் சம்மதிப்பதற்கு அந்த 27தான் காரணம். 1940 படத்தில் எலிசபெத்தாக நடித்த கிரீர் கார்சனுக்கு 35 வயது. ஷார்லட்டாக நடித்த கேரன் மார்லி அவரைவிட 5 வயது இளையவர். உடைகளும் நாவலின் காலத்தவை அல்ல, 1830களின் பாணியில் பெரிதாக உப்பிய பாவாடைகள். ஷார்லட்டின் அவசரம் அர்த்தமிழந்துவிடுகிறது. 2005இல் கீரா நைட்லிக்குப் படப்பிடிப்பின்போது 19. எனக்கு 27 வயது, பணமில்லை, பெற்றோருக்குப் பாரம், எனக்குப் பயமாக இருக்கிறது என்று ஷார்லட் பொங்குவது நாவலில் இல்லாத பேச்சு. ஆனாலும் ஆஸ்டனின் உலகத்திலிருந்து நேராக வந்த பேச்சு. இட்டுக்கட்டுவது என்றால் இப்படி இட்டுக்கட்ட வேண்டும்.

அப்பா விஷயத்தில் அதே 2005 படம் சறுக்குகிறது. டொனால்ட் சதர்லண்ட் மனதில் நிற்கிறார், மனைவியோடு அன்பாகவும் இருக்கிறார். நாவலின் மிஸ்டர் பென்னட் மனைவியைப் பிள்ளைகள் முன் கேலி செய்து, கடமையைக் கைவிட்டுப் புத்தக அறைக்குள் ஒளிந்துகொள்பவர். 42ஆம் அத்தியாயத்தில் எலிசபெத்தே அதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறாள். லிடியாவின் அழிவுக்கு அவருக்கும் பங்கு உண்டு. அதை மெழுகிவிட்டால், தன் குடும்பம் பற்றி டார்சி எழுதியதில் உண்மை இருக்கிறதே என்று எலிசபெத் கூசிப்போவதற்குக் காரணம் பாதியாகிவிடும்.

டார்சியுடைய அம்மாவின் சகோதரி லேடி கேத்தரின் பற்றி ஒரு வார்த்தை. 1940 படத்தின் கடைசியில் அவர் டார்சிக்காக எலிசபெத்தைச் சோதித்துப் பார்க்க வந்த நல்ல மனுஷியாக மாறிவிடுகிறார். எட்னா மே ஆலிவர் ரசிக்கும்படி செய்கிறார். ஆனால், அவமானப்படுத்தித் தடுக்க வந்தவர் தன்னையறியாமல் டார்சிக்கு நம்பிக்கை கொடுத்துவிட்டுப் போகும் மூலத்தின் அழகு அங்கே காணாமல் போகிறது. அந்தப் படத்துக்கு ஆல்டஸ் ஹக்ஸ்லி இணைந்து எழுதிய திரைக்கதையின் துடிப்பான பேச்சுக்காக மட்டும் பார்க்கலாம்.

இன்றைய காலத்துக்குக் கொண்டுவந்தவை

இவற்றைக் காலத்துக்கேற்ற உடை, மாளிகை வைத்து மதிப்பிட முடியாது. ஒன்றைப் பார்த்தால் போதும்: லிடியா ஓடிப்போனதற்கு ஈடாக என்ன வைத்தார்கள்? ஒரு பெண் ஓடினால் மற்ற நால்வரின் திருமணமும் கெடும் என்ற 1813இன் நிலை இன்று எல்லா ஊரிலும் அப்படியே இல்லை.

குரிந்தர் சட்டாவின் 2004ஆம் ஆண்டுப் படம், நாவலின் பெயரில் கர்வத்தைக் குறிக்கும் முதல் சொல்லை (Pride) மணப்பெண்ணைக் குறிக்கும் சொல்லாக (Bride) மாற்றிக்கொண்டு, கதையை அமிர்தசரஸுக்குக் கொண்டுவந்தது. ஐஸ்வர்யா ராய்தான் நாயகி லலிதா. 4 ஆண்டுகளுக்கு முன் ஆஸ்டனின் வேறொரு நாவலைத் தழுவிய ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ படத்திலும் அவர் இருந்தார். பாட்டும் ஆட்டமும் உற்சாகம். காலின்ஸுக்கு இணையான கோலி பிரமாதம். ஆனால் தங்கை கல்யாணம்வரை போகாமல் காப்பாற்றப்பட்டுவிடுகிறாள். டார்சி தன் எதிரிக்கே பணம் கொடுத்து உறவாக்கிக்கொள்ளும் தியாகம் அதனால் இல்லாமல் போகிறது.

2012இல் யூடியூபில் தொடங்கி 100 எபிசோடுகள் ஓடிய ‘தி லிஸி பென்னட் டைரீஸ்’ இந்தக் கேள்விக்குச் சரியான பதில் வைத்திருக்கிறது. விக்கம் லிடியாவின் அந்தரங்க வீடியோவை இணையத்தில் விற்கத் துணிகிறான். இந்தக் காலத்தில் ஒரு பெண்ணின் பெயரை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியது அதுதான். கூடவே, லிஸி கேமரா முன் உட்கார்ந்து தன் பார்வையில் மட்டுமே கதை சொல்கிறாள். டார்சி வெகுநேரம் நேரில் வருவதே இல்லை. அவள் சொல்வதை நம்பி நாமும் தவறாக எடைபோடுகிறோம். விக்கம் சோதனையில் பெரிய மாளிகை வைத்து எடுத்த படங்களைவிட இது நன்றாகத் தேறுகிறது.

எதைத் தேர்வது?

ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும், ஐந்தரை மணி நேரம் ஒதுக்க முடியும் என்றால் 1995. லண்டன் காட்சிகளும் ஃபிளாஷ்பேக்கும் குறைதான் என்றாலும், எலிசபெத் ஏமாறுவதையும் அதிலிருந்து மீள்வதையும் முழு நீளத்தில் காட்டுவது அதுதான். ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். முதல் மூன்று பாகங்களைப் பார்த்துவிட்டு நிறுத்தி, நாவலில் 35, 36 அத்தியாயங்களைப் படித்த பிறகு 4ஆம் பாகத்தைத் தொடங்குங்கள். திரை விட்டுவிட்டதை அந்தப் பக்கங்கள் ஈடுகட்டும்.

ஒரு மாலைப் பொழுதுதான் இருக்கிறது, கூட இருப்பவர்கள் நாவலைப் படிக்காதவர்கள் என்றால் 2005. சப்டைட்டிலை ஓடவிடுங்கள், வீட்டுக் காட்சிகளில் அக்கா தங்கைகள் ஒரே நேரத்தில் பேசுவதால் பாதி வசனம் காதில் விழாது. முடிவு இரண்டு விதமாக உண்டு. பிரிட்டனில் வெளியானது அப்பா தன் அறையில் சம்மதம் கொடுப்பதோடு நிற்கும். அமெரிக்காவில் வெளியானதில் பெம்பர்லியில் புதுமணத் தம்பதி கொஞ்சும் ஒரு காட்சி கூடுதல். அப்பாவோடு முடிவதே பொருத்தம். கூடுதல் காட்சி வந்தால் அதற்கு முன்பே நிறுத்திவிடலாம்.

நாவலை இரண்டு முறையாவது படித்தவர்கள் 1980 தொடருக்குப் போகலாம். முதல் பாகத்தின் மெதுவான நடைக்குப் பழகிவிட்டால் மற்றவை எளிது. நாவலைப் பாடமாகப் படிக்கும் மாணவர்கள் 1940 படத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தேர்வு எழுத வேண்டாம். அதில் காலின்ஸ் பாதிரியாரே அல்ல, நூலகர். பதின்வயதினருக்கு முதலில் ‘லிஸி பென்னட் டைரீஸ்’ காட்டலாம். எபிசோடுகள் குறும்பாகங்கள், வரிசை மாறாமல் பார்க்க வேண்டும். பிறகு அவர்களே மூலத்தைக் கேட்டு வந்தால், விக்கமின் கதை வரும் 16ஆம் அத்தியாயம்வரை யாரும் எதையும் முன்கூட்டிச் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.